நாட்டின் வறுமை 5 விழுக்காடா, 15 விழுக்காடா? ஊர்க் குழுக்களால் என்ன செய்ய முடியும்?

கேள்வி – சமூகப்பணி முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், நம் நாட்டின் வறுமையைப் பற்றியும் அதைக் குறைக்க ஊரார் சேர்ந்து செய்யக்கூடியவற்றைப் பற்றியும் பேசும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்த முதல் நாளே குழம்பிப் போனேன். ஒன்றிய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் அறிக்கை 2019-21இல் இந்தியர்களில் 14.96 விழுக்காட்டினர் ஏழைகள் என்கிறது. அதே அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வுத்தாள் 2022-23இல் அது 11.28 ஆகக் குறைந்தது என்கிறது. உலக வங்கியோ 2025 ஜூனில், அதே 2022-23ஆம் ஆண்டுக்கு 5.3 விழுக்காடு என்று சொல்கிறது. இன்னொரு பக்கம் ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு அரசு விலையில்லாத் தானியம் கொடுக்கிறது. இவற்றில் எதை நம்பிப் பேசுவது?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நிதி ஆயோக்கின் கணக்கு 2.20 விழுக்காடுதான். அதைப் படித்த அன்று மாலை எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் கடந்து வந்தேன். அந்த அக்காவின் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, ஒன்றரை ஆண்டாக வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார். தளம் போட்ட வீடு, எரிவாயு அடுப்பு, தொலைக்காட்சி, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஆனால் வாரக் கடன் வசூலுக்கு வண்டி வரும் செவ்வாய்க்கிழமைகளில் அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் இந்தக் கணக்கில் ஏழையா, இல்லையா? மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வறுமையைக் குறைத்தன என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அந்த அக்காவும் ஒரு குழுவில் இருந்தவர்தான். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1 – ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்

அன்புள்ள மாணவிக்கு, தாங்கள் அடுக்கிய எண்களில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

நம் நாட்டில் வறுமைக் கோடு வயிற்றிலிருந்துதான் தொடங்கியது. 1971இல் தாண்டேகர், ரத் என்னும் இரு பொருளியலாளர்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு கிடைக்க வேண்டுமானால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டார்கள். 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு அதை ஊர்ப்புறத்துக்கு 2,400 என்றும் நகர்ப்புறத்துக்கு 2,100 என்றும் வகுத்தது. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரியை மட்டும் பிடித்துக்கொண்டிராமல் கல்வி, மருத்துவச் செலவுகளையும் சேர்த்தது. அக்குழுவின் முறைப்படி 2011-12இல் ஒருவருக்கு மாதம் ஊர்ப்புறத்தில் 816 ரூபாயும் நகர்ப்புறத்தில் 1,000 ரூபாயும் கோடாக அமைந்தன; அதன்படி ஏழைகள் 21.9 விழுக்காடு. 2014இல் ரங்கராஜன் குழு அதே ஆண்டுக்கு 972 ரூபாய், 1,407 ரூபாய் என்று கோட்டை உயர்த்தியது, ஏழைகள் 29.5 விழுக்காடு ஆனார்கள். நாள் கணக்கில் பார்த்தால் ஊரில் 27 ரூபாய் 32 ஆயிற்று. நகரத்தில் 33 ரூபாய் 47 ஆயிற்று. செலவைக் கேட்டுப் பதிந்த முறையிலும் சிறு வேறுபாடு உண்டு என்றாலும், கோடு இவ்வளவு நகர்ந்ததற்கே 9 கோடிக்கும் மேற்பட்டோர் ஏழைகள் பக்கம் வந்துவிட்டார்கள் என்பதைத் தாங்கள் கூட்டத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் மக்களில் பெருந்தொகையினர் கோட்டுக்கு வெகு அருகிலேயே நிற்கிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. எனக்கு இந்த ஒரு செய்தி எல்லா விழுக்காடுகளையும்விட முக்கியமாகப் படுகிறது.

உலக வங்கியின் எண் நாளொன்றுக்கு 3 டாலர் என்ற கோட்டின்படி அமைந்தது. இது சந்தையில் மாற்றும் டாலர் அன்று. நாட்டுக்கு நாடு விலைவாசி வேறுபடுவதைச் சரிக்கட்டிய, வாங்கும் திறன் அடிப்படையிலான டாலர். அக்கோட்டின்படி 2011-12இல் 27.1 விழுக்காடாக இருந்த கடும் வறுமை 2022-23இல் 5.3 ஆகக் குறைந்தது. குறைவு உண்மையானதே. ஆயினும் இடையில் 2017-18இல் எடுத்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை அரசு வெளியிடவில்லை. 2022-23இல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று கேட்கும் புதிய முறை வந்தது. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேராகக் கழித்துப் பார்ப்பதில் கவனம் தேவை.

நிதி ஆயோக்கின் கணக்கில் வருமானமும் இல்லை, செலவும் இல்லை. அது பல பரிமாண வறுமைக் குறியீடு. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்னும் மூன்றுக்கும் சம எடை தந்து, அவற்றுக்குள் 12 குறிகளை வைத்து, ஒரு வீட்டில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குக் குறைகள் சேர்ந்தால் அவ்வீட்டாரை ஏழைகள் என்கிறது. வாழ்க்கைத் தரத்தில் ஏழு குறிகள்; ஒவ்வொன்றுக்கும் எடை 21இல் ஒரு பங்கு. ஒரு வீட்டில் விறகடுப்பு, கழிப்பறை இல்லை, மண்சுவர், பொருள் பண்டம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு குறைகள் சேர்ந்தும் 0.19தான் வருகிறது; அவர்கள் ஏழைகள் இல்லை. அதே வீட்டில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவும் இருந்தால் ஆறில் ஒரு பங்கு கூடி 0.36 ஆகிறது, அப்போதுதான் ஏழைகள். தங்கள் தெரு அக்காவின் வீட்டில் அடுப்பு, வீடு, மின்சாரம், வங்கிக் கணக்கு எல்லாம் இருப்பதால், கணக்கில் பணமே இல்லாவிட்டாலும், இந்தக் குறியீட்டின்படி அவர் பெரும்பாலும் ஏழையாக மாட்டார். 14.96 என்பது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்து நேராக வந்த எண், 11.28 என்பது பழைய போக்கு அப்படியே தொடர்ந்தது என்று கொண்டு மதிப்பிட்ட எண். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

80 கோடி என்பது ஏழைகளின் எண்ணிக்கையே அன்று. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊர்ப்புறத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு மக்கள் வரை மானியத் தானியம் பெறலாம் என்று வரம்பு வகுத்தது. கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவரும் எந்த மாதத்திலும் கீழே விழக்கூடும் என்பதால் அவ்வளவு அகலமாக வலை விரித்தது சரியே என்பது என் கருத்து.

மறுமொழி 2 – குழு ஊக்குநராக இருந்தவர், தருமபுரி மாவட்டம்

வணக்கம் அம்மா. ஆசிரியர் ஐயா எண்களை விளக்கிவிட்டார். நான் குழுக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. 1992இல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. நான் பதினேழு ஆண்டுகள் ஒரு குழுவின் கணக்கு எழுதினேன்.

குழுவால் வறுமை குறைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, வறுமைக்குள் விழ இருந்தவர்களைக் குழு பிடித்து நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். இதை எங்கள் கடன் பதிவேடே எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் 'கறவை மாடு' என்றுதான் எழுதியிருப்போம், ஏனென்றால் வருமானம் தரும் தொழிலுக்குக் கடன் என்றால் எல்லாருக்கும் எளிது. ஒருநாள் மாலை நானும் குழுவின் பிரதிநிதியும் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக, இந்த மாடு உண்மையில் வீட்டுக்கு வந்ததா என்று பேசிப் பார்த்தோம். முப்பத்தோரு பதிவில் ஒன்பது மாடுதான் வந்திருந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனைக்குப் போயிருந்தன. கருப்பை அறுவை, சிறுநீரகக் கல், மாமனாரின் பக்கவாதம், பிள்ளையின் டெங்கு. காப்பீட்டு அட்டை அறுவைச் செலவை ஏற்றாலும், கூடவே போய்ப் படுத்திருப்பவரின் கூலி இழப்பையும் பேருந்துச் செலவையும் வெளியில் வாங்கும் மருந்தையும் எந்த அட்டையும் ஏற்காது. அந்த இருபது நாள் கூலி இல்லாமல் போனால் தாலிக்கொடி அடகுக்குப் போகும். அதை மீட்க வாரக் கடன் வரும். வாரக் கடனைக் கட்ட இன்னொரு வாரக் கடன். உங்கள் தெரு அக்கா இப்போது நிற்கும் இடம் அது.

அந்த மாலைக்குப் பிறகு நாங்கள் சேமிப்போடு மாதம் ஆளுக்கு இருபது ரூபாய் தனியாக எடுத்து, நோய் என்று வந்தால் மட்டும் வட்டியில்லாமல் கொடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். பிறகு ஊரக வாழ்வாதார இயக்கத்தில் இதற்கென்றே நலிவுநிலை குறைப்பு நிதி என்று வந்தது. தொகை சிறிது. ஆனால் நோயாளியை அழைத்துக்கொண்டு கிளம்பும் அந்த முதல் இரவில் கையில் மூவாயிரம் ரூபாய் இருப்பது, மீட்டர் வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் ஒரு குடும்பத்தைக் காக்கிறது.

எங்கள் குழுவின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு ஆகிய ஐந்தையும் தவறாமல் நடத்தினால்தான் வங்கி குழுவை மதிக்கும். அந்த ஐந்தையும் நடத்தத் தொடங்கியபோது, எங்களோடு சேர்ந்த ஒரு பாட்டி நான்கு வாரம் சேமிப்புக் கட்ட முடியாமல், ஐந்தாம் வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. நாங்கள் பெயரை அடித்துவிட்டு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டோம். ஊரிலேயே மிக ஏழை அவர்தான். அவர் வராததில் எங்கள் கணக்கு சுத்தமாயிற்று. குழுவுக்கு நல்ல தரம் கிடைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

மறுமொழி 3 – வாழ்வாதாரத் திட்டங்களில் களஆய்வு செய்பவர்

தருமபுரி அம்மா எழுதிய கடைசிப் பத்திதான் இந்தக் கேள்வியின் நடுவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் குழுக்கள்மீது நாம் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றக் கூடாது என்ற என் கருத்தையும் பதிய விரும்புகிறேன்.

சிறுகடன் கொடுத்தால் ஏழைகள் தாமாக மேலே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. 2015இல் ஐதராபாத் உள்ளிட்ட ஆறு இடங்களில், கடன் வசதி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. சிலரின் தொழில் பெருகியிருந்தது. செலவைச் சமாளிக்கும் வசதி கூடியிருந்தது. ஆனால் குடும்பங்களின் சராசரி வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆந்திரத்தில் தனியார் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்ததால் பலர் கட்ட முடியாத கடனில் சிக்கியதை 2010இல் பார்த்தோம். அவ்வாண்டு அக்டோபரில் அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது.

அதே 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு எத்தியோப்பியா, கானா, ஓண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் நடந்தது. வங்கதேசத்தில் 2002இல் பிராக் என்னும் தொண்டு அமைப்பு தொடங்கிய முறையைப் பின்பற்றி, மிக ஏழைக் குடும்பத்துக்குக் கடனாக இல்லாமல் ஆடோ மாடோ கடைச் சரக்கோ சொந்தமாகவே கொடுத்து, அது பலன் தரும் வரை சில மாதங்களுக்கு உணவுச் செலவுக்கும் பணம் கொடுத்து, தொழில் கற்பித்து, சேமிக்கப் பழக்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டு வரை ஒருவர் தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்த்தார். திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பின்பும் அக்குடும்பங்களின் உணவும் வருமானமும் சொத்தும் முன்பைவிட மேலாக இருந்தன. மேற்கு வங்கத்தில் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. பீகார் அரசு 2018இல் இதே முறையைத் தன் மகளிர் குழுக்கள் வழியாகவே கொண்டுசெல்லத் தொடங்கியது. ஆட்டை விற்று ஒரு வாரம் சாப்பிட்டுவிடாமல் இருக்க அந்த உணவுப் பணம்தான் காப்பு. பசியோடு இருப்பவரிடம் முதலீடு செய்யச் சொல்வது முறையாகாது.

கேரளத்தில் நடந்ததையும் கூட்டத்தில் சொல்லுங்கள். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் அரசின் மகளிர் இயக்கத்துக்கு அயற்கூட்டங்கள் எனப்படும் அக்கம்பக்கப் பெண்கள் குழுக்கள் அங்கே வார்டுதோறும் இருக்கின்றன. 2021இல் அரசு கடும் வறுமையில் இருப்பவர்களைத் தேடியபோது, குடும்பஸ்ரீயினரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் வீடு வீடாகப் போய்க் கண்டறிந்து, கிராம சபையில் வைத்துச் சரிபார்த்து, 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் எழுதினார்கள். ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு அன்றாடம் சமைத்த உணவு, ஒருவருக்கு மருந்து. பலருக்குக் குடும்ப அட்டையும் ஆதாரும்கூட அதுவரை இல்லை. 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை நீங்கியதாக அரசு அறிவித்தது. அளவுகோல் குறுகியது என்று பொருளியலாளர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி வேண்டியதுதான். இருந்தாலும் தேடும் வேலையை ஊர்ப் பெண்களும் செலவை அரசும் ஏற்ற அந்தப் பங்கீடு எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் நியாயவிலைக் கடையும், 1956இல் காமராசர் காலத்திலிருந்து பள்ளியில் மதிய உணவும், 2022 முதல் காலை உணவும் இல்லாதிருந்தால், எத்தனை குழு இருந்தும் இன்றைய நிலைக்கு வந்திருக்க மாட்டோம். கூலியும் உணவும் மருத்துவமும் அரசின் கடமை. அவற்றைக் குழுப் பெண்களின் சேமிப்பிலிருந்து எதிர்பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மறுமொழி 4 – ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

வாரக் கடன் பற்றி ஒரு செய்தி மட்டும். 2022இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்கும் பிணையில்லாக் கடன் நுண்கடன் எனப்படும். அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தவணை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும் உறவினரையோ உடன் வேலை செய்வோரையோ தொல்லைப்படுத்துவதும் தவறு. அந்த அக்காவிடம் கடன் அட்டைகளை எடுத்து வைக்கச் சொல்லி, யாராவது ஒருவர் உடன் உட்கார்ந்து தவணைகளைக் கூட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு எண் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பயனில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்த அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். மூன்று நிறுவனங்களின் அட்டைகள் இருந்தன. வாரத் தவணைகளைக் கூட்டினால் அவர் ஒருவர் சம்பாதிப்பதில் பாதியைத் தாண்டுகிறது. முறையீட்டுக்கு உதவுவதாகச் சொல்லியிருக்கிறேன். குழுவிலிருந்து ஏன் விலகினீர்கள் என்று கேட்டேன். கணவர் விழுந்த மாதத்தில் இரண்டு கூட்டத்துக்கு வர முடியவில்லை, அதற்குப் பிறகு போக வெட்கமாக இருந்தது என்றார். யாரும் வந்து கூப்பிடவில்லையாம்.

இனி என் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இருபது பேர்தான். பணம் கிடையாது. இவரைப் போன்றவர்களும் அம்மா சொன்ன பாட்டியைப் போன்றவர்களும் ஊரில் யார் யார் என்று தெரிந்துகொள்ளவே எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 5 – குழு ஊக்குநராக இருந்தவர்

மகளே, புதுவாழ்வுத் திட்டம் என்று தமிழக அரசு ஊர்ப்புற ஏழைகளுக்காக நடத்திய திட்டத்தின் காலத்தில் எங்கள் ஊராட்சியில் மக்கள் நிலை ஆய்வு நடந்தபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். கோயில் முன்னால் மண்ணைப் பெருக்கி, கோலப்பொடியால் தெருக்களை வரைந்தோம். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. ஊரே சுற்றி நின்று, இது இன்னார் வீடு, இது மிகவும் ஏழை, இது ஏழை, இது நடுத்தரம் என்று பேசி வண்ணப்பொடி தூவியது. முதல் நாள் எல்லாம் முடிந்து, படத்தைத் தாளில் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நின்றுகொண்டிருந்த ஒரு பள்ளிப் பையன், "ஏரிக்கரையில இருக்கிற மூணு வீட்ட வைக்கவே இல்லையே" என்றான். நாங்கள் யாரும் வேண்டுமென்று விடவில்லை. அந்தப் பக்கம் நாங்கள் நடப்பதில்லை, அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒன்று, நாங்கள் பெயர் அடித்த பாட்டியின் வீடு.

ஆகையால் நடுத்தெருவில் தொடங்காதீர்கள். ஊரின் கடைசி வீட்டில் தொடங்கி உள்ளே வாருங்கள். பகலில் போனால் வேலைக்குப் போயிருப்பார்கள். விளக்கு வைத்த பிறகு போங்கள். வறுமை என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். கேட்கும்போதே அவர்கள் எழுந்து பாத்திரத்தை ஒதுக்கத் தொடங்கிவிடுவார்கள். குடும்ப அட்டை இருக்கிறதா, முதியோர் உதவித்தொகை வருகிறதா, காப்பீட்டு அட்டை எடுத்தாயிற்றா, பிள்ளை பள்ளிக்குப் போகிறானா, கடைசியாக யார் மருத்துவமனைக்குப் போனார்கள், அதற்குப் பணம் எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இல்லாத தாளை எழுதிக் கொடுக்கவும், மனுவோடு கிராம சபைக்கு அழைத்துப்போகவும் உங்கள் இருபது பேருக்குப் பணம் வேண்டியதில்லை. பதிவு செய்த பெயர்களை மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் கொண்டுபோய், நலிவுநிலை நிதியிலிருந்து யாருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் மறுபடியும் போங்கள்.

அந்த அக்காவின் பழைய குழு எது என்று விசாரித்து, ஊக்குநரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். பாட்டியை நாங்கள் இரண்டு ஆண்டு கழித்துத்தான் போய்க் கூப்பிட்டோம். சேமிப்பு இல்லாமலே உறுப்பினராக வைத்துக்கொள்வது என்று அன்று தீர்மானம் எழுதினோம். கூட்டத்துக்கு வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடும் புத்தகம் தன்னிடம் வந்தபோது, கைநாட்டு வைக்கும் கட்டம் எது என்று என்னைக் கேட்டார்.